எர்த் குழிக்கு ஒரு சொம்பு தண்ணீர்

என் வீட்டில் ஒரு ‘ம்ம்ம்’ இருந்தது. பாட்டு தொடங்கும் முன்பும், நடுவில் பாடுகிறவர் மூச்சு விடும்போதும், முடிந்த பிறகும் ஸ்பீக்கரிலிருந்து அது வந்துகொண்டே இருக்கும். மெல்லிய சத்தம்தான். ஆனால் ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் அதைத் தவிர வேறு எதுவும் கேட்காது.

என் மனைவி வைதேகிக்கு அது கேட்கவே இல்லை.

“குக்கர் எத்தனை விசில் விட்டதுன்னு ஒரு நாளாவது சரியாச் சொல்லியிருக்கேளா? இது மட்டும் எப்படிக் கேக்கறது உங்களுக்கு?” என்றாள்.

நியாயமான கேள்வி. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது.

சனியன் டேக்கோடு வந்தது. போன டிசம்பரில் அதை வாங்கினேன். டேக் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. போனிலும் கம்ப்யூட்டரிலும் பாட்டு வெறும் எண்களாகக் கிடக்கிறது. அந்த எண்களை ஆம்ப்ளிஃபயர் ஏற்றுக்கொள்கிற சத்தமாக மாற்றித் தருகிற பெட்டி அது. டிபன் பாக்ஸ் அளவு இருக்கும், முன்னால் ஒரு நீல விளக்கு. அதை வைத்த பிறகு வயலினில் வில் உரசுவது கேட்டது, மிருதங்கத்தில் விரல் படுவது கேட்டது, கூடவே இந்த ம்ம்ம்மும் கேட்டது. இணையத்தில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் சொன்ன வயரையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் எலக்ட்ரீஷியன் பீர் முஹம்மதுவைக் கூப்பிட்டேன். ராயப்பேட்டைக்காரர். எங்கள் மயிலாப்பூர் ஃபிளாட்டில் பன்னிரண்டு வீட்டுக்கும் இருபது வருஷமாக அவர்தான். ஸ்பீக்கரில் காதை வைத்தார், கண்ணை மூடினார்.

“கேக்குது சார்,” என்றார்.

அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. வைதேகி சமையலறைக்குப் போய்விட்டாள்.

பிளக்கைக் கழற்றி, மீட்டர் வைத்துப் பார்த்தார். “நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல பதினாலு வோல்ட் கீது. ரெண்டுக்குள்ள இருக்கணும் சார். இந்த பில்டிங்ல எர்த்து பேருக்குத்தான் கீது. அதான் உங்க பொட்டி முனகுது. ரெண்டு வழி. அந்தப் பொட்டியக் கழட்டி வெச்சுட்டு, போன்லேர்ந்து நேரா ஆம்ப்ளிஃபயருக்கு வயர் குத்திக்கினா சத்தம் நின்னுடும்.”

“இரண்டாவது வழி சொல்லுங்க பாய்,” என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“குழி தோண்டணும்.”

தோண்டினோம். ஃபிளாட் சங்கத்துச் செயலாளர் வெங்கடரமணன் பெண்ணைப் பார்க்க பெங்களூர் போயிருந்த ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத் தோண்டினோம். அவரைக் கேட்டால் சங்கம் கூடி, குழு அமைத்து, அந்தக் குழு டீ குடித்து முடிவதற்குள் எனக்குக் காதே போய்விடும். பின்பக்கம் மோட்டார் ரூமுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே குழி. அதில் எட்டடிச் செப்புக் குழாய். சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு இறுக்கினார் பாய். தரைக்கு மேலே ஒரு அடி குழாய் பளபளவென்று நின்றது. அதிலிருந்து ஒரு பச்சை வயர் முதல் மாடியில் என் வீட்டுக்கு ஏறியது.

“டெய்லி ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க சார். அப்பப்ப ஒரு புடி கல்லுப்பு. குழி காஞ்சா எர்த்து வேலை செய்யாது.”

அன்றிலிருந்து எனக்கு அதுதான் காலை வேலை. குளித்துவிட்டு, வேஷ்டியோடு, தோளில் ஈரத் துண்டோடு முதலில் ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்பேன். நேற்றைவிட இன்று ம்ம்ம் குறைந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும் அல்லவா? அதே சுருதியைத் தொண்டையில் பிடித்துக்கொண்டு, “ம்ம்ம்” என்று முனகியபடியே சொம்போடு படி இறங்குவேன். தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, சுருதி நழுவாமல் இருக்க ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பேன். முனகிக்கொண்டே மேலே வந்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். இதில் யாருக்கு என்ன கெடுதல்?

பதினோராவது நாள் குழாயின் காலடியில் ஒரு செம்பருத்தி கிடந்தது. காற்றில் வந்திருக்கும் என்று நினைத்தேன். எங்கள் தெருவில் செம்பருத்திச் செடியே கிடையாது என்பது மாடி ஏறிய பிறகுதான் உறைத்தது. மறுநாள் குழாய்க்கு மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. பக்கத்தில் தேவானை கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள்.

தேவானை எங்கள் ஃபிளாட்டில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறவள். அடையாற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்து, குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும் தினமும் இரண்டு பஸ் மாறி, ஆறரைக்கெல்லாம் வந்துவிடுவாள்.

“இன்னா தேவானை இது?” என்றேன். பதற்றத்தில் எனக்கும் அவள் பேச்சு ஒட்டிக்கொண்டது.

“நீங்க சாமியே கும்புட மாட்டீங்கன்னு வைதேகிம்மா சொல்லிச்சு. அந்த நீங்களே தெனமும் தண்ணி ஊத்தி, உப்பு போட்டு, கண்ண மூடிக்கினு மந்திரம் சொல்றீங்க. அப்ப சும்மாவா சார்?”

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் அவள் செம்பம்மா என்று பேரே வைத்துவிட்டாள்.

பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. இரண்டாவது மாடி ஒரு சொம்பு ஊற்றியது. கீழ்வீடு ஒரு குடமே ஊற்றியது. மே மாதம், மயிலாப்பூர் முழுக்கத் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்க, அந்தக் குழி மட்டும் சொதசொதவென்று இருந்தது. யாரோ மிளகும் உப்புமாகக் கொட்டினார்கள். யாரோ மஞ்சள் துணி சுற்றினார்கள். குழாயின் உச்சியில் ஒரு எலுமிச்சம்பழம் ஏறியது.

இங்கே மேலே, என் ஹாலில், ம்ம்ம் நாளுக்கு நாள் தேய்ந்தது. ஒரு குடம் விழுந்த அன்று பாதியானது. பௌர்ணமியன்று பால் வேறு ஊற்றினார்கள், ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் கேட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. எது அதிகம் என்று கேட்டால் சந்தோஷம்தான்.

கீழ்வீட்டு ஃபேனைப் பார்க்க வந்த பீர் முஹம்மது பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“இன்னா சார் இது? நான் வெறும் கொயாய்தான நட்டேன்?”

“தெரியாத்தனமா ஆயிடுத்து பாய்.”

மீட்டரை வைத்துப் பார்த்தவர் அசந்துவிட்டார். “ஒண்ணரை வோல்ட்! பெரிய பெரிய ஆபீஸ்ல கூட இப்டி எர்த்து நிக்காது சார். அந்த எலுமிச்சம்பயத்த மட்டும் எடுக்கச் சொல்லுங்க. செம்பு பச்சை கட்டிக்கும்.”

“நீங்களே சொல்லுங்களேன்.”

“நானா? நான் நட்டதோட சரி சார்,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜூனில் வெங்கடரமணன் லிஃப்ட் கதவில் நோட்டீஸ் ஒட்டினார். பின்பக்கத்தைச் சிமெண்ட் போட்டு கார் நிறுத்தும் இடமாக மாற்றுவது பற்றி ஞாயிறு காலை கூட்டம். அவர் இரண்டாவது கார் வாங்கியிருந்தார். சிமெண்ட் போட்டால் குழி போச்சு, குழி போனால் பதினாலு வோல்ட், மறுபடி அந்த ம்ம்ம். எர்த் குழி என்று உண்மையைச் சொன்னாலும் அனுமதி இல்லாமல் தோண்டியது என்று முதல் வேலையாக மூடுவார். சாமி என்று இருந்தால்தான் தப்பும்.

“உண்மையைச் சொல்லிடுங்கோ,” என்றாள் வைதேகி. “பாவம், அவா எல்லாரும் நம்பிண்டிருக்கா. உங்க பெட்டிக்கு எல்லாரும் தண்ணி சுமக்கறா. இது நன்னாவா இருக்கு?”

நன்றாக இல்லைதான். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு கூட்டத்துக்குப் போனேன். பேசுவதற்கு எழுந்தும் விட்டேன். அதற்குள் படியோரம் நின்றுகொண்டிருந்த தேவானை முன்னால் வந்தாள்.

“ஐயா, நான் ஃபிளாட்டுக்காரி இல்ல. ஆனாலும் ஒண்ணு சொல்லிக்கிறேன். என் பொண்ணு நிஷா ஏழு இன்டர்வியூக்குப் போயி ஏழுலயும் வேணாம்னு அனுப்பிட்டாங்க. சோறு துன்னாம சொவரப் பாத்துக்கினு கெடந்துச்சு. செம்பம்மாக்கு நாப்பத்தெட்டு நாள் தண்ணி ஊத்துனேன். எட்டாவது எடத்துல, தரமணில, வேல கெடச்சிடுச்சு. முந்தாநேத்து கொயந்த கழுத்துல கார்டு மாட்டிக்கினு ஆபீஸ் பஸ் ஏறுச்சுய்யா.”

வெங்கடரமணன் என் பக்கம் திரும்பினார். “இதை ஆரம்பிச்சு வெச்சதே நீங்கதானாமே ராகவேந்திரன். நீங்க படிச்சவர். நீங்களே சொல்லுங்கோ, அங்க என்னதான் இருக்கு?”

எட்டடிச் செப்புக் குழாய், கரி, உப்பு. நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. தேவானை என்னையே பார்த்தாள். ஏழு முறை வேண்டாம் என்று அனுப்பப்பட்ட பெண்ணைப் பெற்றவளின் முகம் அது. எட்டாவதாக நான் ஒன்று சொல்ல வேண்டுமா?

“எனக்குத் தெரியாது சார்,” என்றேன். “ஆனா தண்ணி ஊத்த ஆரம்பிச்சப்புறம் என் ஆத்துல நல்லது நடந்திருக்கு. சத்தியமா.”

பொய்யில்லாமல் என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். பின்வரிசையில் வைதேகி தலையில் கை வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் வெங்கடரமணன் தன் புதுக் காரைப் பின்னால் எடுக்கும்போது கேட்டில் இடித்துக்கொண்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கு எனக்கு முன்பாக இரண்டு சொம்போடு அங்கே நின்றார். சிமெண்ட் பேச்சு அதோடு ஒழிந்தது.

ஆடி இரண்டாவது ஞாயிறு செம்பம்மாவுக்குக் கூழ் ஊற்றுவது என்று முடிவாயிற்று. முன்னின்று நடத்தியவர் வெங்கடரமணன். காலையிலேயே தோரணம் கட்டி, காம்பவுண்டுச் சுவரில் இரண்டு கோன் ஸ்பீக்கர் ஏற்றியாகிவிட்டது. பாட்டுப் போடும் நேரத்தில் மைக் செட்காரரின் பிளேயர் படுத்துவிட்டது. கதவைத் தட்டிக்கொண்டு வெங்கடரமணனும் தேவானையும் வந்து நின்றார்கள்.

“உங்க ஆத்துல ரொம்ப உசத்தியான பாட்டுப் பெட்டி இருக்காமே? அம்மன் காரியம். இல்லைன்னு சொல்லப்படாது.”

நான் வைதேகியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே பிளக்கைப் பிடுங்கிவிட்டிருந்தாள். தேவானை டேக்கைத் தாம்பாளத்தில் வைத்து, நீல விளக்குக்கு மேலே ஒரு குங்குமப் பொட்டு இட்டு, சுற்றிலும் ஒரு முழம் மல்லிகையை வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். கல்யாணமாகிப் போகிற பெண்ணைப் பார்ப்பதுபோல் படிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஹாலில் வந்து உட்கார்ந்தேன். கை சும்மா இருக்கவில்லை. போனிலிருந்து நேராக ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு வயரைக் குத்தி ஆன் செய்தேன்.

ஒரு சத்தமும் இல்லை.

ஸ்பீக்கரில் காதை ஒட்டினேன். அப்போதும் இல்லை. அரை வருஷமாக எந்த நிசப்தத்துக்காகக் குழி தோண்டி, உப்புச் சுமந்து, ஊரை ஏமாற்றினேனோ, அது இதோ என் வீட்டில் இருந்தது. பீர் முஹம்மது முதல் நாளே சொன்ன முதல் வழி. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அப்போது வெளியே கோன் ஸ்பீக்கர் இரண்டும் ஒன்றாக வாயைத் திறந்தன.

“ம்ம்ம்ம்ம்ம்ம்.”

அதே சத்தம், அதே சுருதி. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. டேக்கை மோட்டார் ரூம் பிளக்கில் குத்தியிருக்கிறார்கள். அந்தப் பிளக்கில் எர்த்தே கிடையாது. மயிலாப்பூரிலேயே உயர்ந்த எர்த் குழி இரண்டடி தள்ளி மாலை போட்டுக்கொண்டு நிற்கிறது! “ஆஃப் பண்ணுங்கோ!” என்று கத்துவதற்காகப் பால்கனிக்கு ஓடினேன்.

கீழே தெருவே கண்ணை மூடிக் கைகூப்பி நின்றது. வெங்கடரமணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கழுத்தில் ஆபீஸ் கார்டோடு நிஷா நின்றாள். தோண்டியவர் என்கிற மரியாதைக்கு நானே தனியாகக் கூப்பிட்டிருந்த பீர் முஹம்மது, கையில் கூழ் டம்ளரோடு என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சட்டென்று டம்ளருக்குள் பார்த்தார்.

தேவானை மட்டும் கண்ணீரோடு மேலே பார்த்துக் கத்தினாள். “சார்! நீங்க தெனமும் சொல்ற மந்திரம் சார்! அம்மாவே சொல்றா!”

கத்த வந்த வாயை மூடிக்கொண்டேன். என் கை தானாகக் குவிந்தது. பக்கத்தில் வைதேகி வந்து நின்று, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கவனித்தாள்.

“ஏன்னா, இப்போ எனக்கும் கேக்கறது,” என்றாள்.