குணவதியின் மருந்து

குணவதியைக் குளிப்பாட்டி, கூறைச்சேலை உடுத்தி, லயத்து வீட்டு வாசலில் கிடத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே மகள் புஷ்பவள்ளி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள். அப்பா காலையில் பிரஷர் மாத்திரை சாப்பிடவில்லை. அது எங்கே இருக்கிறதென்று அவருக்கே தெரியாது.

“உங்கம்மாதான் டீயோட கையில குடுப்பா” என்றார் அய்யாவு.

ஆறு மாதத்துக்கு முன் பக்கவாதத்தில் இடது கால் இழுத்துக்கொண்ட பிறகு, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் வேலையிலிருந்து அவரை நிறுத்திவிட்டார்கள். வேலையில் இல்லாதவர்களுக்குத் தோட்டத்து கிளினிக்கில் மருந்து கிடையாது, சுங்கைப் பட்டாணி டவுன் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்ளலாம் என்று அப்போதே சொன்னார்கள். அய்யாவு போகமாட்டேன் என்றார். காலமெல்லாம் உழைத்தவனைத் தோட்டம் கைவிடுமா என்று வீடு அதிரச் சத்தம் போட்டார். மறுநாள் குணவதி மாத்திரையோடு வந்தாள். கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரெசரிடம் பேசிவிட்டேன், இனி உங்களுக்கும் தருவார்கள் என்றாள். பார்த்தீர்களா, நான் சொன்னதுதான் நடந்தது என்று அவர் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நேற்றுக் காலை பால் எடுக்கப் போனவள் மரத்தடியில் சாய்ந்தாள். தூக்கும்போதே மூச்சில்லை.

டிரெசர் சில்வெஸ்டர் மாலை போட்டுவிட்டு வந்து, அய்யாவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“அண்ணே, அக்கா மருந்து ஒழுங்கா சாப்பிட்டாங்களா? மாசாமாசம் வந்து வாங்கிட்டுத்தான் போனாங்க. அப்புறம் எப்படி பிரஷர் அவ்வளவு ஏறிச்சின்னு எனக்குப் புரியல.”

“அவளுக்கா பிரஷரு?”

“ரெண்டு வருஷமா இருக்கே. உங்களுக்குத் தெரியாதா?”

“அப்ப எனக்குன்னு குடுத்தது?”

“உங்க பேரைத்தான் கிளினிக் லிஸ்டுலேருந்து எடுத்துட்டாங்களே அண்ணே. உங்களுக்கு நான் எப்படிக் குடுக்க முடியும்…” சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

புஷ்பவள்ளி ஒரு கையில் தண்ணீரும் மறு கையில் மருந்துப் பொட்டலமுமாக வந்தாள். அம்மா வேலைக்குக் கொண்டுபோகும் பையில் இருந்ததாம். அய்யாவு பொட்டலத்தை வாங்கவில்லை.

“காரியம் முடிஞ்சதும் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா” என்றார்.

அங்கே போகச் சொல்லி ஆறு மாதமாகக் கெஞ்சிய மகள் தலையை ஆட்டினாள்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அய்யாவு காலை இழுத்துக்கொண்டு போய், தலைமாட்டில் சிரமப்பட்டு உட்கார்ந்தார். மூன்று முறை போட்டார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் கீழுதட்டில் ஒட்டியிருந்த ஒரு அரிசியை விரலால் மெதுவாக உள்ளே தள்ளிவிட்டார். கையை உடனே எடுக்கவில்லை.