நேர்ச்சைத் தென்னங்கன்று

கப்பலில் ஏறி இரண்டு நாளாகியும் கப்பல் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. போர்ட் சுவெட்டன்ஹாமின் சதுப்பு மரங்கள் முந்தாநாள் எங்கே நின்றனவோ அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தன. மழை விட்டால்தான் ரப்பர் ஏற்றுவார்கள். ஏற்ற ஆரம்பித்தால் மழை வந்துவிடும். சாந்தமேரி இரண்டாம் வகுப்புத் தளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையையே வெறித்தாள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்திருந்தால்கூட, கிள்ளான் ரயிலைப் பிடித்துப் போய் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம். சீ, இதுவும் ஒரு பயணமா!

போக வேண்டியது வேளாங்கண்ணிக்கு. இதே துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு நேராகவே கப்பல் போகிறது. அங்கே இறங்கினால் மாட்டு வண்டியில் கோயில். ஆனால் அவள் புருஷன் கிரிகரிக்கு அது ஆகவில்லை. "அது கூலிக் கப்பல். ஆட்டோட மாட்டோட படுத்துக்கிட்டுப் போகணும். இருபத்தெட்டு வருஷம் ரயில்வேயில கிராணியா மேஜையில உக்காந்து எழுதுனவன் நான்" என்று ஒரே பிடிவாதம். ஐரோப்பாவுக்குத் திரும்பும் ஜெர்மன் கப்பலில் கொழும்பு வரை இரண்டாம் வகுப்பு. அங்கிருந்து ரயில், பிறகு ஒரு சின்னக் கப்பல், மறுபடியும் ரயில். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதைதான்.

அழகான கப்பல்தான், அதில் குறை சொல்ல முடியாது. படிக்கட்டின் பித்தளையில் முகம் பார்க்கலாம். காலை பதினொரு மணிக்கு வெள்ளைச் சட்டைக்காரர்கள் கிண்ணத்தில் மாட்டுக்கறிச் சாறு கொண்டுவந்து நீட்டுவார்கள். மூன்று மணிக்கு மேல்தளத்தில் பிடில் வாசிப்பார்கள். பேச்செல்லாம் ஜெர்மன். கதவில் எழுதியிருப்பது ஜெர்மன், சாப்பாட்டு அட்டையும் ஜெர்மன். எந்தச் சாப்பாட்டில் என்ன இருக்கிறதோ என்று பயந்து அவள் ரொட்டியும் வாழைப்பழமுமாகவே காலத்தைத் தள்ளினாள். கிரிகரியோ ஒரு சின்னப் பேச்சுப் புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் சாயங்காலத்திலும் "குட்டன் மோர்கன்" சொல்லிக்கொண்டிருந்தார். காலை வணக்கமாம்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். கன்று விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏழு வயது மகன் ரபேல் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தபோது அவள் நேர்ந்துகொண்டாள். 'மாதாவே, இவன் பிழைத்தால் இவன் பேரில் ஒரு தென்னை வைக்கிறேன். அது காய்த்ததும் அதன் கன்றை உன் காலடிக்குக் கொண்டுவருகிறேன்.' பிள்ளை பிழைத்தான். குவாட்டர்ஸ் பின்புறம் வைத்த மரமும் காய்த்தது. லீவு இல்லை, லீவு இல்லை என்று கிரிகரி சொன்ன இரண்டு வருஷத்தில் இரண்டு கன்றுகள் பட்டுப்போயின. இந்த வருஷம் ரபேலுக்கு மூன்று தடவை காய்ச்சல் வந்துவிட்டது. அவளுடைய தங்கை பாக்கியத்திடம் அவனை விட்டுவிட்டு வந்தாள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் அவன் கையசைத்தான். மாதா ஞாபகப்படுத்துகிறாள் என்று அவளுக்குத் தெரியாதா? மூன்றாவது கன்றைச் சாக்கில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டுதான் கப்பலேறினாள்.

நேற்றுக் காலை குளித்து, தளத்தில் ஜெபமாலை சொல்லி முடித்துவிட்டு வந்து பார்த்தால் அறையில் கன்றைக் காணோம்.

"பதறாத. நல்ல எடத்துலதான் இருக்கு. மேல, பர்ஸ்ட் கிளாஸ்ல" என்றார் கிரிகரி.

"அங்க எதுக்குப் போச்சு?"

அவர் கழுத்துப்பட்டியை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். அந்த அழுக்குச் சாக்கை அறை துடைக்க வருகிறவன் ஒரு மாதிரிப் பார்த்தானாம். வெட்கமாகப் போய்விட்டதாம். எங்காவது பத்திரமாக வையுங்கள் என்று கை ஜாடை காட்டி அவனிடம் கொடுத்துவிட்டாராம். அவர்கள் அதைக் கப்பலுக்குக் கொடுத்த அன்பளிப்பு என்று எடுத்துக்கொண்டு, மேலே செடிகள் வைத்திருக்கும் கூடத்தில் வைத்துவிட்டார்கள். பணியாட்களின் தலைவன் சாப்பாட்டு அறைக்கே வந்து, தொப்பியைக் கழற்றி, எல்லோருக்கும் முன்னால் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினானாம். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்களாம்.

"இருபத்தெட்டு வருஷத்துல ஒரு தொரகூட எனக்குக் கை குடுத்ததில்ல, சாந்தா. அந்த நேரத்துல எப்படி இல்லன்னு சொல்றது?"

அவளுக்குக் கோபம் ஒரு பக்கம். அந்தக் கையை அவர் இன்னும் மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

மேலே போய்க் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு பெரிய பனைச்செடிகளுக்கு நடுவில், பித்தளைத் தொட்டியில், இடுப்பில் நீல ரிப்பனோடு நின்றது ரபேலின் கன்று.

இன்று மத்தியானம் மழை விட்டது. ரப்பர் மூட்டைகளோடு ஒரு தொங்கான் படகு வந்து கப்பலை ஒட்டி நின்றது. மூட்டை தூக்கியவர்களில் ஒருவன் அண்ணாந்து பார்த்தான். மேலே சேலை கட்டிய ஒருத்தி நிற்பதைக் கண்டு அவனுக்கு ஆச்சரியம்.

"எங்கக்கா போறீங்க இதுல?"

"வேளாங்கண்ணிக்கு."

"இதுலயா! அந்தா நிக்குதே, அதானே நாகப்பட்டணம் கப்பல். நாலு மணிக்கு எடுக்குறான் லா. இது நாளைக்கும் போகாது."

பெயர் தம்புசாமி என்றான். அவன் காட்டிய பக்கம் துறையில் ஒரு கறுப்புக் கப்பல் புகைந்துகொண்டிருந்தது. அதன் தளமெங்கும் மூட்டை முடிச்சும் மனிதத் தலைகளுமாக இருந்தன.

அவள் கிரிகரியிடம் போனாள். "போய் அந்தக் கன்ன வாங்கிட்டு வாங்க. இப்பவே."

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு, புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். கால் மணி நேரத்தில் வெறுங்கையோடு திரும்பினார்.

"நாளைக்குக் கேப்போம். சுடுதண்ணி வேணும், கதவைச் சாத்துங்க, எல்லாம் இந்தப் புஸ்தகத்துல இருக்கு. குடுத்தத திருப்பிக் குடுங்கன்னு கேக்க இதுல ஒண்ணும் இல்ல."

"எனக்குப் புஸ்தகம் வேணாம்" என்று சொல்லிவிட்டு அவள் படியேறினாள்.

கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் பிடில் ஒலி முகத்தில் அடித்தது. கம்பளம் காலைப் புதைத்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்த் தொட்டியின் முன் முட்டிபோட்டு, இரண்டு கைகளாலும் மண்ணைத் தோண்டினாள். தேங்காயோடும் வேரோடும் கன்று வந்தது, கம்பளமெல்லாம் ஈரமண். பிடில் நின்றது. பொன் பொத்தான் வைத்த உயரமான மனிதன் வேகமாக வந்து ஏதோ கேட்டான். தலைவன் இவன்தான் போலிருக்கிறது.

"இது மாதாவோடது. என் புள்ளைக்காக நேந்துக்கிட்டது. ஒங்களுக்குக் குடுக்க எங்க வீட்டுக்காரருக்கு உரிம கெடையாது" என்றாள், தமிழிலேயே.

அவன் அவளுடைய மண் கையைப் பார்த்தான், அந்தக் கை கன்றை அணைத்திருந்த விதத்தைப் பார்த்தான். பிறகு நகர்ந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

அவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அட கடவுளே, இதற்கா ஒன்றரை நாள்!

கப்பலின் பக்கத்து ஏணி தொங்கான் வரை இறங்கியிருந்தது. சாந்தமேரி படிகளில் இறங்கி, அந்தக் கறுப்புக் கப்பலில் விடச் சொல்லி, முதலில் கன்றைக் கொடுத்தாள். தம்புசாமி அதை வாங்கிக்கொண்டு இன்னொரு கையை அவளுக்கு நீட்டினான். டிக்கெட்டுக்குக் கையில் கிடக்கும் வளையல் போதாதா? படகில் கால் வைத்தபோது மேலே கிரிகரியின் குரல் கேட்டது.

"சாந்தா! எங்க போற? கொழும்புக்கு டிக்கெட் இருக்கு... பொட்டி சாமானெல்லாம்..."

"பொட்டி ஒங்களோட வரட்டும்."

"எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நாளைக்கு என் புள்ளைக்கு ஒண்ணுன்னா இவங்களா வந்து பாப்பாங்க?"

அவருக்குப் பின்னால் வெள்ளைச் சட்டைகள் கூடிவிட்டன. தூரத்தில் கறுப்புக் கப்பல் முதல் சங்கை ஊதியது. மழை மறுபடியும் தூறத் தொடங்கியது. தம்புசாமி கயிற்றில் கை வைத்து, "அண்ணே, வரீங்களா, அவுத்துவிடட்டுமா?" என்று கத்தினான்.

சாந்தமேரி கன்றை மடியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். நீல ரிப்பன் நனைந்து அவள் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏணியின் உச்சியில் கிரிகரி ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி நின்றார். மெருகேற்றிய கறுப்புச் சப்பாத்துக் கால் ஒன்று, முதல் ஈரப் படிக்கு மேலே, இன்னும் வைக்கப்படாமல் அந்தரத்தில் இருந்தது.