வடியாத குளம்

ஐந்தரைக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். ஒரு ஆளுக்குக் காபி போட இன்னும் அளவு வரவில்லை. பாதியைத் தொட்டியில் ஊற்றினேன். முந்தைய நாள் சட்டையையே போட்டுக்கொண்டு, இரும்பு நாடா, சாக்பீஸ், நோட்டு மூன்றையும் பையில் வைத்துக் கிளம்பினேன்.

நிலத்தடி நீர்மட்டம் அளப்பது என் வேலை. குளத்துக்குப் பக்கத்தில் ஆழமாக ஒரு குழாய் இறக்கியிருக்கிறோம். நாடாவில் சாக்பீஸைத் தேய்த்து உள்ளே விட்டால், எதுவரை நனைந்தது என்று தெரியும். அன்றைக்குப் பதினான்கு மீட்டர் இருபது. நான்கு மாதங்களுக்கு முன்னால், குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லாதபோதும் அதேதான்.

குளமோ தளும்பிக்கொண்டிருந்தது. கோரை முளைத்திருந்தது. முக்குளிப்பான்கள் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு சுற்றின. வந்தவர்கள் எல்லாரும் படம் எடுத்தார்கள். எனக்கு அந்தத் தண்ணீர்மேல் நம்பிக்கை இல்லை. தண்ணீர் நிலத்துக்குள் ஊறிப் போவதற்காக வெட்டிய குளம். வாரத்துக்கு ஒரு சாண் இறங்கியிருக்க வேண்டும். இது எதையோ காலடியில் மறைத்துவைத்திருப்பவன்போல அசையாமல் நின்றது.

குளத்தை வரைந்தவள் என் மனைவி. வெட்டியது அவள் அண்ணன், மண்வேலை ஒப்பந்தக்காரர். குளத்துத் தரையைக் கடைசியாக உழுவது மட்டும் பாக்கி இருந்த நாளில் அவள் வெளியூர் கிளம்பினாள். பஸ் நிலையத்தில் விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. பேச்சு திரும்பாமலே மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் எழுதிக் குடுங்க. டிசைன் தப்புன்னா இனிமே வெட்டவேண்டிய மத்த ரெண்டு குளத்தையும் விட்டுடலாம். அந்த இடத்தைக் கிடங்கு கட்டக் கேக்கறாங்க."

டிசைன் தப்பாக இருக்க முடியாது. அப்படியென்றால் மச்சான்தான்.

வண்டிகள் ஓடி இறுகிய தரையை ஆழமாக உழுதுவிட வேண்டும் என்று வரைபடத்தில் எழுதியிருந்தாள். உழ வேண்டிய அன்று நாங்கள் எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பார்த்தவர் யாருமில்லை. தவிர, மச்சான் தினமும் போன் செய்து "சாப்டியா மாப்ள?" என்று கேட்கிறார். முன்பெல்லாம் கேட்டதில்லை. குற்றமுள்ளவன்தான் இப்படிக் குழைவான். குளக்கரையில் இரண்டு முறை என்னோடு நின்றபோது தண்ணீரைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். நோட்டில் தேதியோடு குறித்துவைத்தேன்.

வியாழக்கிழமை அவரை வரச் சொன்னேன். கரையில் காவல்காரர் இருந்தார். பறவைகள்மேல் கல் எறிபவர்களை ஊதி விரட்டுவதால் அவருக்கு விசில் என்று பெயர்.

"என்ன மாப்ள, குழாயும் கையுமா? மீன் புடிக்கப் போறியா?"

"தரை மண்ணை எடுத்துப் பாக்கணும். உழுதீங்களா மச்சான்?"

சிரிப்பு நின்றது. "என் தங்கச்சி வேலையில நான் டிமிக்கி குடுப்பேனா?"

"அன்னைக்கு நாம எல்லாரும் ஆஸ்பத்திரில இருந்தோம்."

"டிராக்டர் ஆஸ்பத்திரில இல்லையே."

இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குழாயை அடித்து, மண்ணோடு பிடுங்கி வந்து பலகையில் தட்டினேன். மச்சான் மண்டியிட்டார். மணல் அவர் விரலில் சர்க்கரைபோல உதிர்ந்தது.

"பாரு. இறுகின தரை இப்படி உதிருமா?"

மணலுக்கு மேலே விரல் தடிமனுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், சிமெண்ட் பூசியதுபோல. நகத்தால் நெம்பி அப்படியே உரித்தார்.

"இதுதான் தண்ணியைக் கீழ விடாம அடைச்சிருக்கு. என் வண்டி போட்டதில்ல, வெள்ளத்துல வந்த சேறு. முதல் மழைக் கலங்கலை வெளிக்கால்வாய்ல தள்ளிட்டு, தெளிஞ்சப்புறம்தான் உள்ள விடணும்னு எனக்கே பத்து வாட்டி பாடம் எடுத்தா. யாரு மதகைத் தூக்கினது?"

நான் விசிலைப் பார்த்தேன். இவரை எப்படி இத்தனை நாள் விட்டுவைத்தேன்?

"மதகுச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"என்கிட்டதான் சார்." தரையைப் பார்த்தார். "நீங்க வந்து கேட்டீங்க, குடுத்தேன்."

"எப்போ?"

"மேடம் தவறின மூணாம் நாள். மழை கொட்டுது, உங்க கையில குடைகூட இல்ல. நீங்களே சக்கரத்தைச் சுத்தினீங்க. நிறைஞ்சு வர்றதைப் பாத்துட்டே நின்னீங்க. அந்த நேரத்துல நான் என்னத்தைச் சார் சொல்ல?"

சக்கரம் சில்லென்று இருந்தது. அவள் குளம் நிறைவதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதற்குமேல் எதுவும் நினைவில்லை.

மச்சான் கையைக் கழுவினார். "நான் உழலைன்னு எழுதிடு மாப்ள. எனக்கு வேற வேலை கிடைக்கும். உனக்கு இந்த வேலையும் போச்சுன்னா என்ன இருக்கு?"

இதற்குள் என்ன கணக்கு என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அவர் குனிந்து என் குழாயையும் கழுவிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்தேன். டிசைனில் பிழையில்லை. ஒப்பந்தக்காரர் வேலையில் பிழையில்லை. முதல் வெள்ளத்தை உள்ளே விட்டவர் பிழை. என் பெயர், என் பதவி. குஞ்சுகள் பறந்ததும் நீரை வெளியேற்றிப் படலத்தைச் சுரண்டினால் குளம் ஊறும். மற்ற இரண்டையும் இதே வரைபடப்படி வெட்டலாம்.

அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"தெரியாமச் செஞ்சேன்னு ஒரு வரி சேத்துக்கங்க. உங்ககிட்ட யாரும் சொல்லலைதானே?"

"சொன்னாங்க சார்."

அவள் வெளியூர் கிளம்பிய அன்று காலை நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் வர்றதுக்குள்ள மழை வந்துடும்போல. முதல் தண்ணிக்கு யாரும் மதகைத் தூக்கிடாம பாத்துக்கோ. சொல்றது காதுல விழுதா இல்லையா?"