கன்னத்துக்குள் செத்த எலி

குழாய்க்காரர் தன் வீட்டுக் குளியலறைத் தரையை மூன்றாவது தடவை பெயர்த்தும் செத்த எலி அகப்படவில்லை. நாற்றம் மட்டும் ஆறு மாதமாக அசையாமல் இருந்தது. நாற்பது வருஷம் சாக்கடைக்குள் தலையை விட்ட மூக்கு பொய் சொல்லுமா? மிச்சமிருந்த ஒரே குற்றவாளி வீட்டோடு இருந்த மாப்பிள்ளையின் சாக்ஸ்தான். சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் அதைப் போட்டு உடைத்தார். மாப்பிள்ளை அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நாற்றம் கிளம்பவில்லை.

"தரையை விட்டுட்டு உங்க மூக்கைப் பெயர்த்துப் பாருங்க," என்றாள் மனைவி. "எனக்கு எம் பொண்ணு திரும்பி வரணும்."

இரண்டு டாக்டர்களின் மாத்திரைகள் வீணாயின. மூன்றாவதாகப் போன காது-மூக்கு டாக்டரம்மாவிடம் முதலிலேயே சொன்னார்: "மாத்திரை எழுதினா எந்திரிச்சுப் போயிடுவேன்."

"இடது மூக்கைப் பொத்திக்கிட்டு மோந்து பாருங்க ஐயா."

நாற்றமில்லை. வலதைப் பொத்தினார். எலி வந்துவிட்டது.

"ஒரு பக்கம் மட்டும்னா சாதாரண சளி இல்ல. இடது மேல் கடைவாய்ப் பல்லை அடைச்சீங்களா?"

"போன வருஷம். ஏம்மா, மூக்கு நாறினா பல்லையா கேப்பாங்க?"

ஸ்கேனில் இடது கன்னத்து எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறை அடைத்துக் கிடந்தது. நடுவே சுண்ணாம்புப் பொட்டாக ஒரு துணுக்கு. பல்லுக்கு வைத்த சிமெண்டு வேர் வழியே மேலேறி, அதைச் சுற்றிப் பூஞ்சை உருண்டை கட்டியிருந்தது.

"மாத்திரைக்கு இது கரையாது. மூக்கு வழியாத் திறந்து, வழிச்சு எடுத்து, கழுவி விடணும்."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு டாக்டரை நம்பினார். "அப்படிச் சொல்லும்மா! அடைப்புல மருந்து ஊத்துறவன் திருடன். வாயை அகலமா வெட்டி விடு. இல்லைன்னா மறுபடி அடைக்கும்."

"சரிங்க மேஸ்திரி," என்றார் டாக்டரம்மா.

ஆபரேஷன் முடிந்து புட்டியில் காட்டிய பழுப்பு உருண்டையைக் குலுக்கிப் பார்த்தார். வால் இல்லை. பூஞ்சை சதைக்குள் இறங்கவில்லை. தினம் இருவேளை உப்புநீரால் கழுவினால் போதும் என்றார்கள்.

ஸ்கேன் படத்தோடு நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். "நாறினது நான்தான் மாப்பிள்ளை. உங்க சாக்ஸ் மேல பழி போட்டது தப்பு. வீட்டுக்கு வாங்க."

படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "சரி மாமா," என்றார் மாப்பிள்ளை.

மறுநாள் மாப்பிள்ளை வந்து வாசலில் ஷூவைக் கழற்றினார். பல மாதத்துக்குப் பிறகு சுத்தமாகத் திறந்திருந்த மூக்கு. குழாய்க்காரரின் கண்ணில் நீர் முட்டியது. மனைவி அவரையே முறைத்தாள்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. மூக்கு கழுவுற நேரம்."

அன்று ஏழு தடவை கழுவினார்.