மாமா கேட்டு வாங்கிய கடை

சின்னவளின் அக்கா புருஷன், அவள் மாமா என்று கூப்பிடுகிறவர், பதினோரு வருஷம் கருப்புக் கம்பெனிக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர். திடீரென்று ஒருநாள் வெள்ளைக் கம்பெனிக்கு மாறினார். கம்பெனிகளின் நிஜப் பெயர் நமக்கு வேண்டாம்; சொன்னால் கமிஷனா தரப்போகிறார்கள்? மூடியின் நிறத்தை வைத்தே பேசிக்கொள்வோம்.

மாறினவர் சும்மா இருந்தாரா? அதுதான் இல்லை. குடிநீர் வாரியத்தில் மேற்பார்வையாளர் உத்தியோகம். குழாய் உடைந்தது என்று புகார் சொல்ல வருகிறவனிடம்கூட, முதலில் மேஜைமேல் இருந்த வெள்ளைக் கம்ப்யூட்டரை ஒரே விரலால் திறந்து காட்டிவிட்டுத்தான் குழாய் எந்தத் தெருவில் என்று கேட்பார். யார் வீட்டுக்காவது போய் அங்கே கருப்புக் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டால் போதும், "இன்னுமா இதை வச்சிருக்கீங்க?" என்பார், தீராத வியாதிக்காரரை விசாரிக்கிற குரலில். பதினோரு வருஷம் அதே கருப்புப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதது யார் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவார் என்ற பயம்.

அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. ஊரில் கருப்புக் கம்பெனிக்கு ஆறு கடை இருந்தது, வெள்ளைக்கு ஒன்றுகூட இல்லை. இருப்பதிலேயே கிட்டத்து வெள்ளைக் கடைக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டும். இதைத் தன் சொந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார் மனிதர். "நம்ம ஊர்க்காரங்கன்னா அவ்வளவு மட்டமா?" என்று கேட்டபடி ஒரு மனு எழுதி, ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடு வீடாக ஏறி இறங்கினார். அடுக்குமாடி, பல் ஆஸ்பத்திரி, முடிவெட்டும் கடை, ஒன்றையும் விடவில்லை. ஐந்து மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. அதைப் பார்த்து வெள்ளைக் கம்பெனியே வாயைப் பிளந்துவிட்டது. கடைத்தெரு முனையில் இடம் பார்த்து, கண்ணாடி மாட்டி, கடையைத் திறந்தே விட்டார்கள். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியது கம்பெனி அதிகாரி. கத்தரிக்கோல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது மாமா. அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.

அதோடு விட்டிருந்தால் நமக்கு இந்தக் கதையே இல்லை. கடைக்கு மேலாளர் தேவை என்றதும் மாமாவுக்கு மச்சினி ஞாபகம் வந்துவிட்டது.

சின்னவள் ஒன்பது வருஷமாக ஒரு பள்ளிக்கூட ஆபீசில் எழுத்தர். சம்பளம் பெரிதில்லை, ஆனால் முதல் தேதி தவறாது. கணவன் வேலை பார்த்த அச்சகம் மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டு வாடகை, பெண்ணின் படிப்பு எல்லாம் இவள் தலையில்தான். அவள் முதலில் முடியாது என்றுதான் சொன்னாள்.

"எதுக்கு மாமா வம்பு? இருக்கறதே போதும்."

"அட அசடே! நானூத்திப் பன்னெண்டு பேரு எப்பக் கதவைத் திறப்பாங்கன்னு காத்துக்கிட்டிருக்காங்க. நீ பில்லு போட்டே கை ஓஞ்சு போவே. நான் இருக்கேன்ல?"

'நான் இருக்கேன்ல' என்று சொல்கிற மனுஷனிடம் எதற்கும் பத்தடி தள்ளி நிற்பது நல்லது. அவளுக்கு அது தெரியவில்லை, பாவம். ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரமே அவள் நாற்காலியில் வேறொரு பெண்ணை உட்கார வைத்துவிட்டார்கள்.

புதுக் கடையில் நாற்காலியே கிடையாது. சுவர் வெள்ளை, மேஜை வெள்ளை, மேஜைமேல் பன்னிரண்டு வெள்ளைக் கம்ப்யூட்டர்கள் பாதி திறந்து கிடக்கும். நாள் முழுக்க நின்றுகொண்டே சிரிக்கவேண்டும் என்பது கம்பெனி வழக்கம். கைபட்ட திரையை அரைமணிக்கொரு தரம் துடைக்கவேண்டும். சின்னவள் துடைத்தாள், சிரித்தாள், கால் வீங்கி வீட்டுக்குப் போனாள்.

கூட்டம் வராமல் இல்லை, அதுதான் வேடிக்கை. சாயங்காலம் ஐந்தரை ஆனால் மாமா ஆபீசிலிருந்து நேரே வந்துவிடுவார், கூடவே நாலைந்து பேரையும் அழைத்துக்கொண்டு. "தொட்டுப் பாருங்க சார், சும்மா தொடுங்க! நம்ம கடைதான்!" என்று ஒவ்வொரு மேஜையாகக் கூட்டிப் போவார். சின்னவள் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லி முடித்திருப்பார். வந்தவர்கள் திறந்து மூடி, தட்டிப் பார்த்து, ஏசிக் காற்றில் வியர்வை ஆற்றிக்கொண்டு, "யோசிச்சுட்டு வரோம்மா" என்று கிளம்புவார்கள். யோசிக்கப் போனவர் ஒருவரும் திரும்பவில்லை. இரண்டரை மாதத்தில் விற்றது மூன்று கம்ப்யூட்டர், ஒரு உறை. உறையை வாங்கியவரும் அளவு சரியில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தலைமை ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. மூன்றாம் மாதக் கடைசியில் வட்டார அதிகாரி நேரில் வருவார், விற்பனையைப் பார்த்துவிட்டு மேலாளர் பதவியை உறுதி செய்வதா வேண்டாமா என்று முடிவு சொல்வார். சின்னவள் அந்த மனுவின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டாள்.

"நான் கருப்புத்தாம்மா வச்சிருக்கேன், நல்லாத்தான் ஓடுது," என்றார் முடிவெட்டுகிறவர். "உங்க மாமா மூணு தடவை வந்தாரு. பாதி சவரத்துல கஸ்டமரை விட்டுட்டு எவ்வளவு நேரம் பேசறது? போட்டுத் தொலைச்சேன்."

"கம்ப்யூட்டரா? எனக்கெதுக்கும்மா?" என்றாள் ஒரு தையல்காரி. "தண்ணி வராததுக்கு மனுன்னு நினைச்சுல்ல போட்டேன்!"

நூற்று முப்பது பேரோடு நிறுத்திக்கொண்டாள். அதற்குமேல் கேட்கத் தெம்பில்லை. அப்போதும் பாருங்கள், அவளுக்கு மாமாமேல் கோபம் வரவில்லை. பாவம், இந்த மனுஷன் ஒருத்தராவது தினமும் ஆள் பிடித்துக்கொண்டு வருகிறாரே என்று நன்றிதான் இருந்தது.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் மத்தியானம் பல் டாக்டர் வந்தார். கையில் பளபளவென்று புது வெள்ளைக் கம்ப்யூட்டர்.

"இதுல தமிழ்ல டைப் அடிக்க வரமாட்டேங்குது. கொஞ்சம் பாத்துக் குடுக்கறீங்களா?"

சின்னவள் வாங்கிப் பார்த்தாள். இந்த ரகத்தில் தன் கடையிலிருந்து ஒன்றுகூடப் போகவில்லையே என்று யோசித்தாள். "எங்க டாக்டர் வாங்கினீங்க?"

"ஆன்லைன்லதான். இங்கதான், இதே மேஜைல வச்சு உங்க மாமா எல்லாம் காட்டினாரு. வெளிய போனதும் லிங்க் அனுப்பிட்டாரு. விலையும் குறைச்சல், வீட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போறான். தங்கமான மனுஷன்! நீங்க அந்த குரூப்ல இல்லையா?"

டாக்டர் தன் போனை நீட்டினார். குழுவின் பெயர் 'வெள்ளைக் குடும்பம்'. உள்ளே மாமாவின் தினசரி அறிவிப்பு: 'மாலை ஐந்தரைக்குக் கடையில் தொட்டுப் பார்க்கலாம். வாங்குவதற்குக் கீழே உள்ள லிங்க்.' அதற்குக் கீழே கட்டைவிரல் படங்கள், கைகூப்பல்கள், பெட்டி பிரிக்கும் புகைப்படங்கள். போன வாரம் மட்டும் ஒன்பது பெட்டி.

சின்னவளுக்குக் காது இரண்டும் கொதித்தது. படுபாவி! ஒன்பது வருஷ வேலையை விட்டுவிட்டு வந்து, கால் வீங்க நின்று, திரை துடைத்தது எல்லாம் இவருடைய லிங்குக்கா? அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். அந்தக் குழுவில் இருந்ததை அப்படியே தன் போனுக்கு அனுப்பித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டாள். டாக்டருக்குத் தமிழ் எழுத்தும் போட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் மாமா வந்தபோது வழக்கம்போலத் திரையைத் துடைத்தாள். நாளைக்கு அதிகாரி முன்னால் நாலு பேர் பார்க்க மானத்தை வாங்கிவிட வேண்டியதுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மாமா விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். சாதாரணமாக வரவில்லை, எழுபது பேரோடு. கண்ணாடிக் கதவு மூட முடியாத கூட்டம். வட்டார அதிகாரி உள்ளே நுழையவே சிரமப்பட்டார். அவருக்கு முகமெல்லாம் பல்.

"இவ்வளவு கூட்டம் எந்தக் கடையிலயும் பாத்ததில்லையே! ஆனா விற்பனை மூணுன்னு இருக்கே, ஏன் மேடம்?"

சின்னவள் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள். "இதோ நிக்கறாரே, கடை வேணும்னு மனு போட்டவர், எங்க அக்கா வீட்டுக்காரர். தினமும் ஆளைக் கூட்டிட்டு வந்து இங்க காட்டறாரு, வெளிய போனதும் ஆன்லைன்ல வாங்க லிங்க் அனுப்பறாரு. படிச்சுப் பாருங்க. நான் எப்படி சார் விக்கறது?"

மாமா தலையைக் குனிவார், கையைப் பிசைவார் என்று அவள் காத்திருந்தாள். அவரோ நிமிர்ந்து நின்றார்.

"ஆமா, நான்தான் அனுப்பறேன். நல்லது சொல்றது தப்பா? கடை வேணும்னுதான் மனு குடுத்தேன். கடையில வாங்குவோம்னு அதுல எங்கயாவது எழுதியிருக்கா?"

எழுபது பேரும் தலையாட்டினார்கள்.

அதிகாரி போனை வாங்கி மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். "இதுல மொத்தம் எத்தனை பேர் வாங்கியிருப்பாங்க சார்?"

"அறுபத்தெட்டு. இன்னிக்கு ராத்திரிக்குள்ள எழுபது ஆயிடும்."

"அடடா!" அதிகாரி மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஆன்லைன்ல விக்கறதும் எங்க கம்பெனிதானே! இந்த ஊர்லேருந்து ஏன் இவ்வளவு ஆர்டர்னு தலைமை ஆபீஸ்ல மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தோம். கடைன்னா காட்டறதுக்கு, அவ்வளவுதான்னு இப்பல்ல புரியுது. இந்த வட்டாரத்துலயே இன்னும் மூணு கடை திறந்துடலாம்!" பிறகு சின்னவள் பக்கம் திரும்பியபோது குரலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். "பில்லு போடறதே இல்லைங்கும்போது, மேலாளர்னு தனியா ஒரு பதவி வேண்டியதில்ல மேடம். தப்பா நினைச்சுக்காதீங்க. காட்டறதுக்கு ஆள் இருந்தா போதும். சார் மாதிரி ஆர்வமுள்ளவங்க கௌரவப் பதவியிலயே பண்ணுவாங்க. என்ன சார்?"

மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆபீஸ் முடிந்து தினமும் வந்துவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் நிற்கிறேன் என்றார். கூட்டம் கை தட்டியது. பல் டாக்டர்தான் முதலில் தட்டினார்.

சின்னவள் அழுதேவிட்டாள். "மாமா, எனக்கு வேலை போச்சு. உங்களை நம்பி வந்தேன். வாடகையை யாரு குடுப்பா? பொண்ணு பீஸை யாரு கட்டுவா? வாயைத் திறந்து பதில் சொல்லுங்க."

"ஏம்மா அழறே? கடையை மூடலையே! இன்னும் மூணு வருதுன்னு சொல்றாரே, காதுல விழலையா? எவ்வளவு பெரிய வெற்றி இது!"

அவர் முகத்தில் ஒரு துளி கள்ளமில்லை. நிஜமாகவே புரியவில்லை மனிதருக்கு. அவரை அடிக்கலாம், திட்டலாம், அக்காவிடம் சொல்லி ஒரு வாரம் பட்டினி போடவைக்கலாம். என்ன செய்தாலும் எதற்கு என்று அவருக்குத் தெரியப்போவதில்லை. அதை நினைக்க நினைக்கத்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

கழுத்திலிருந்த கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றினாள். கிட்டே போய், மாமாவின் கழுத்தில் மாட்டினாள். எழுபது பேர் இன்னொரு முறை கை தட்டினார்கள். மாமா அட்டையைக் கையில் எடுத்து, அதிலிருந்த அவள் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"படத்தை மட்டும் மாத்தித் தரச் சொல்லணும் சார்," என்றார் அதிகாரியிடம்.