சித்தப்பாவுக்கு மட்டும் மணி இல்லை

"வாயில என்ன, பூட்டா போட்டிருக்கு?" என்று சித்தப்பா ஒருமுறை அவளைக் கேட்டார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, அக்காவின் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் அவள் உட்காரத் தொடங்கிய சமயம் அது. அவள் குனிந்து மேசையைத் துடைத்தாள்.

சித்தப்பா நாள் முழுக்கக் கடைக்குப் போன் செய்வார். சாப்பிட்டீங்களா என்று தொடங்கி, பொம்பளப் பிள்ளைகளுக்குக் கடை எதற்கு, இழுத்து மூடுங்கள் என்று முடிப்பார். எடுக்கும்வரை விடமாட்டார். ஒருநாள் அக்கா ஒரு போனுக்குள் ஈயம் பற்றவைக்கும்போது அவர் அழைப்பு மணி அலறியது. கை நடுங்கி, வாடிக்கையாளரின் போன் கருகிவிட்டது. இன்னொன்று கருகினால் கடைக்கு யார் வருவார்கள்?

அன்றே கடைப் போனை அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வாடிக்கையாளர்களுக்கு ஒரு மணியோசை, அம்மாவுக்கு ஒரு மணியோசை, சித்தப்பாவுக்கு மௌனம் என்று அதில் மாற்றிவைத்தாள்.

அந்த வாரமே அவர் நேரில் வந்து நின்றார். "எத்தனை தடவை அடிக்கிறது? காது செவிடா?"

"இப்ப அடிங்க, சித்தப்பா."

அடித்தார். மேசைமேல் அவர் பெயர் சத்தமில்லாமல் ஒளிர்ந்தது.

"உங்களுக்கு வெளிச்சம் மட்டும்தான். அவசரம்னா அம்மாகிட்ட சொல்லுங்க, அம்மா அடிச்சா உடனே எடுப்போம். மத்ததெல்லாம் வேலை முடிஞ்சப்புறம்." குரல் பிசிறவில்லை. அவளுக்கே பெருமையாக இருந்தது.

"இவ பூட்டை யாரு தொறந்தது?"

"நீங்கதான் சித்தப்பா. விடாம தட்டினீங்களே!" என்றாள் அக்கா, தலை நிமிராமல். அக்காவின் கை ஆடாமல் அசையாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

சித்தப்பா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.