சேமக்காலைத் தண்ணீர்

தண்ணீர் காலில் விழுகிறது, முதலில் வலது கால், பிறகு இடது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்புக்குப் பின்னால் நாரி ஒருமுறை பிடித்துவிட்டு விடுகிறது, புழுதி கரைந்து சிமெந்துத் தொட்டியின் விளிம்பால் வழிந்து கற்களுக்குள் இறங்குகிறது, பிறகு உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி உச்சந்தலையில் தெளித்துக்கொள்கிறேன், யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை, யார் பார்ப்பது, நாலு பக்கமும் கல்லறைகள், கறுப்புக் கல்லில் பொன்னெழுத்துப் பெயர்கள், பீங்கான் ரோசாக்கள், அவர்கள் யாரிடமும் போய்ச் சொல்லப்போவதில்லை, இது எந்த ஊர், போன கோடையா அதற்கு முந்தினதா, பிரான்சின் நடுவில் இந்த ஊர்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான், ஒரு தேவாலயம், மூடிக்கிடக்கும் ஒரு வெதுப்பகம், ஊருக்கு வெளியே மதில் கட்டிய ஒரு சேமக்காலை, படலையைத் திறந்து நுழைந்தால் இடது பக்கம் ஒரு குழாய், குழாயடியில் கம்பியில் தொங்கும் இரண்டு பச்சைப் பூவாளிகள், தங்கள் ஆட்களின் கல்லறையில் பூச்செடி வைத்தவர்கள் வந்து ஊற்றுவதற்காக, வரிசை இல்லை, பூட்டு இல்லை, ஏன் என்று கேட்பார் இல்லை. மூன்று கோடையாக, கட்டிலும் அடுப்பும் உள்ள எங்கள் கம்பிங்காரின் தண்ணீர்த் தாங்கி இப்படியான இடங்களில்தான் நிரம்புகிறது, என் மனைவி கமலாசனிக்கு அது தெரியாது, தெரிந்தால் அந்த நிமிடமே வண்டியை விட்டு இறங்கிவிடுவாள், இறங்கினால் இனி ஏறமாட்டாள்.

இறங்கினால் இறங்கட்டுமே, நானே என்னிடம் இப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், பழைய வண்டி, படியில் கால் வைக்கும்போதெல்லாம் முழங்கால் முனகுகிறது, வண்டியைத் தள்ளிவிட்டுப் பாரிஸின் நாலாம் மாடியில் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தியிருக்கலாம், ஆனால் அந்த நாலாம் மாடியில் என் மனைவி தூங்குவதில்லை, தொண்ணூற்றெட்டில் வந்து என்னைக் கட்டிய நாளிலிருந்து தூங்குவதில்லை, குசினி விளக்கைப் போட்டுக்கொண்டு கழுவின கோப்பைகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருப்பாள், டாக்டர்கள் எழுதித் தந்த குளிசைகள் ஒரு லாச்சி நிறையக் கிடக்கின்றன, வண்டியில் மட்டும் தூங்குகிறாள். முதல் பயணத்தில் ஓர் ஆற்றங்கரையில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சரிந்தவள் பின்னேரம் ஆறு மணிவரை எழும்பவில்லை, பயந்துபோய் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன், சூடாக மூச்சு வந்தது, எழும்பினவள் வெட்கப்பட்டாள், என்னப்பா, எழுப்பியிருக்கலாமே என்றாள், எனக்கு அழுகை வந்தது, முப்பது வருடம் ரெஸ்ரோரண்டின் பின்கட்டில் மற்றவர்கள் தின்ற பாத்திரம் கழுவின கை இது, அவளுக்கென்று பெரிதாக ஒன்றும் கொடுத்துவிடவில்லை, இந்தத் தூக்கம் ஒன்றைத்தான் கொடுத்தேன், அதையும் ஒரு குழாயால் பறிகொடுப்பேனா.

எல்லா வசதியும் உள்ள தளங்கள் இருக்கின்றனவே, அங்கே போய் நிறுத்தினால் தண்ணீர், மின்சாரம் எல்லாம் கிடைக்குமே, கிடைக்கும்தான், ஒரே ஒருமுறை போனோம், காலையில் குழாயடியில் ஐந்தாறு பேர் ஆளுக்கொரு கலனோடு நிற்கிறார்கள், அரைக்காற்சட்டை போட்ட நல்ல மனிதர்கள், விடுமுறைக்கு வந்தவர்கள், ஒருவருக்கொருவர் பகிடி சொல்லிச் சிரிக்கிறார்கள், கமலாசனி நீலக் கலனோடு போய்க் கடைசி ஆளாக நின்றாள், நான் வண்டியின் கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தேன், வரிசை ஓரடி நகர்ந்தது, அவள் நகரவில்லை, கலனை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள், இனி நான் லைன்ல நிக்கமாட்டன், நீங்களும் நிக்கக்கூடாது, இப்பவே வெளிக்கிடுங்கோ என்றாள். அன்றைக்குத்தான் சொன்னாள், நூறு கிலோமீற்றர் ஓடின பிறகு, முன்னால் இருந்த றோட்டைப் பார்த்துக்கொண்டு, வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்த நாட்களில் அவளைப் பெற்ற ஐயாவுக்குக் காய்ச்சல், தண்ணி தண்ணி என்று கேட்டாராம், தண்ணீர் பவுசர் வந்து நின்றதாம், வாளியோடு போய் இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்றாளாம், அரைவாளிதான் கிடைத்ததாம், கொண்டுவந்து பார்க்க ஐயா போய்விட்டாராம், எரிக்க விறகில்லாமல் பாலைமரத்தடியில் புதைத்தார்களாம், அடுத்த கிழமை அங்கிருந்தும் ஓடினார்களாம். சொல்லி முடித்துவிட்டு, ஐயான்ர வாய்க்கு ஒரு சொட்டு விடேல்லையப்பா என்றாள், அதற்குப் பிறகு அந்தக் கதையை அவள் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதனால் தண்ணீர் என் பாடாகிவிட்டது, பெற்றோல் நிலையத்தில் குழாயின் தலையைக் கழற்றி வைத்திருக்கிறார்கள், சந்தியில் சிங்கத்தின் வாயால் கொட்டுகிறதே என்று ஓடினால் குடிக்க உதவாது என்று பலகை தொங்குகிறது, ஒரு பண்ணை வீட்டில் கலனைத் தூக்கிக் காட்டினேன், நாய்தான் பதில் சொன்னது, தாங்கியின் மட்டம் காட்டும் விளக்குகள் நான்கும் ஒவ்வொன்றாக அணைந்துவிட்ட ஒரு மத்தியானம் மதில் நிழலுக்காக வண்டியை நிறுத்துகிறேன், கமலாசனி உள்ளே திரையை இழுத்துவிட்டுப் படுத்திருக்கிறாள், படலைக்குள்ளிருந்து ஒரு பிரெஞ்சுக்கார அம்மா பூவாளியோடு எட்டிப்பார்க்கிறார், வெறும் கலனைப் பார்த்துவிட்டு, உள்ளே வா, நல்ல தண்ணீர்தான், நானும் குடிப்பேன், இவர்கள் அவ்வளவாகக் குடிப்பதில்லை என்று கல்லறைகளைக் காட்டிச் சிரிக்கிறார், நானும் சிரித்தேன், பத்து லீற்றர்ப் பூவாளியால் பத்து நடை, வண்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து புனல் வைத்து ஊற்ற ஊற்ற உள்ளே வெறும் வயிறு முழங்குவதுபோல் ஒரு சத்தம், நிரம்ப நிரம்ப அந்தச் சத்தம் மெலிந்துகொண்டே வரும். எல்லாம் முடிந்து வண்டியில் ஏறப்போனவனுக்குக் கால் எழவில்லை, கோயிலுக்குப் போய்வந்தால் கால் கழுவக்கூடாது, சுடலைக்குப் போய்வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக்கூடாது, சாமி பூதம் என்று ஒன்றையும் நம்பாதவன்தான் நான், என் கால் நம்புகிறதே என்ன செய்ய, குளிப்பதென்றால் இதே தண்ணீரில்தான் குளிக்கவேண்டும், திரும்பிப் போய்க் குழாயடியில் கால் கழுவித் தலையில் தெளித்துக்கொண்டு வந்தேன். எங்க எடுத்தனீங்கள் என்றாள், சந்திப் பைப்பில என்றேன், வாயில் அப்படியே வந்துவிட்டது, அதற்குப் பிறகு எந்த ஊரிலும் எனக்கு ஒரு சந்தி இருந்தது. அடுத்த நாள் காலையில் அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கும் பிள்ளையாருக்கு முன்னால் சின்ன வெள்ளித் தம்ளரில் அந்தத் தண்ணீரை வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டாள், நான் வெளியே போய்ச் சக்கரங்களில் காற்று இருக்கிறதா என்று பார்த்தேன், மூன்று கோடையாக ஒவ்வொரு காலையும் சக்கரங்களைப் பார்க்கிறேன், வேறெந்த வண்டியின் சக்கரத்துக்கும் இவ்வளவு கவனிப்பு கிடைத்திருக்காது.

இந்த வருடம் நாரியில் வெட்டித் தைத்துவிட்டார்கள், பாரம் தூக்கவே கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள், சரி என்று தலையாட்டிவிட்டு வந்து வண்டியை எடுத்தேன், இன்றைக்கு மூன்றாவது பூவாளியோடு இடுப்புக்குக் கீழே கால் இரண்டும் என்னுடையவை இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது, வெயில் மதிலில் அடித்து முகத்துக்குத் திரும்புகிறது, வண்டிப் படியில் குந்திவிட்டேன், களைப்பு, இந்தக் களைப்பு இன்றைக்கு வந்ததில்லை, எத்தனையோ வருடத்துக் களைப்பு, மறைத்து மறைத்து வந்த களைப்பும் அதில் ஒன்று, மூன்று வாளித் தண்ணீர் தாங்கியின் அடியைத்தான் நனைத்திருக்கும். உள்ளிருந்து வந்து எட்டிப்பார்த்த கமலாசனி, எழும்பாதேங்கோ, மிச்சத்தை நான் கொண்டுவாறன் என்று கையிலிருந்த பூவாளியை வாங்கினாள், நீர் இரும், உமக்கேன் கரைச்சல், சந்தி தூரம் என்றேன், நாக்கு பழக்கத்தில் சொல்லிவிட்டது, சேமக்காலைப் படலை எங்களுக்கு முன்னால் பத்தடியில் திறந்து கிடக்கிறது, அதன் மேல் இரும்புச் சிலுவை, அவள் சிலுவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பூவாளியோடு உள்ளே போனாள்.

முடிந்தது என்று நினைத்தேன், பாரிஸ், நாலாம் மாடி, குசினி விளக்கு, கழுவின கோப்பை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன, குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, பூவாளி நிரம்பும் சத்தம், குழாய் மூடும் சத்தம், இனி வந்து என் முகத்தில் ஊற்றப்போகிறாள், ஊற்றட்டும், ஆனால் காலடிகள் என் பக்கம் வரவில்லை, எழும்பி மதிலைப் பிடித்துப் பிடித்துப் படலைக்குள் போனேன், கடைசி வரிசைக்கும் அப்பால் புல் மூடின ஒரு மூலையில் நிற்கிறாள், அங்கே கல்லுமில்லை, பெயருமில்லை, சாய்ந்துபோன ஓர் இரும்புச் சிலுவையும் மண்மேடும்தான், அதன் தலைமாட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள், அவசரமில்லை, பூவாளியைச் சரித்துச் சரித்து, ஒரு வாய்க்கு எவ்வளவு போகுமோ அவ்வளவு அவ்வளவாக, மண் குடித்துக்கொண்டே இருக்கிறது, வன்னியில் அந்தப் பாலைமரம் இப்போது நிற்கிறதோ இல்லையோ.

எனக்கு முதல் வருசமே தெரியும் என்றாள் திரும்பாமல், சந்திப் பைப்பில தண்ணி எடுக்கிற மனுசன் எதுக்குத் தலையை நனைச்சுக்கொண்டு வரவேணும், காலெல்லாம் ஈரம், நான் ஊர்ப் பெட்டையெல்லோ, சுடலையால வந்தவரை எனக்குத் தெரியாதோ. பிறகு ஏன் நீர் ஒண்டும் சொல்லேல்லை என்றேன். சொன்னா நீங்கள் விட்டிடுவியள், பிறகு எங்கையாவது போய் லைன்ல நிப்பியள் என்றாள், பூவாளியின் கடைசிச் சொட்டையும் உதறினாள், பிறகு குழாயைக் காட்டி, இஞ்ச பாருங்கோவன், செத்தவைக்கும் பைப் போட்டு வைச்சிருக்கினம், வாளியும் கட்டித் தொங்கவிட்டிருக்கினம், தெரிஞ்சுதான் அந்தத் தண்ணியைப் பிள்ளையாருக்கு வைச்சனான், இந்தத் தண்ணியைக் குடிச்சுப்போட்டுத்தான் எனக்கு நித்திரை வந்தது என்றாள். முதல் பயணத்தில் ஆற்றங்கரையில் தூங்கினாளே, அது சேமக்காலைக்கு முன்னா பின்னா, யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை, பின்னாகவே இருக்கட்டும்.

மிச்சம் ஏழு நடையும் அவள்தான் நடந்தாள், நான் புனலைப் பிடித்தேன், தாங்கியின் சத்தம் மெலிந்து மெலிந்து நின்றது, விளக்குகள் நான்கும் எரிந்தன, பூவாளிகளைக் கம்பியில் மாட்டினோம், பழக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு குழாயைத் திறக்கக் குனிந்தேன், நாரி பிடித்தது, அவள் என் கையை எடுத்துவிட்டாள், விடுங்கோப்பா, கோயிலால வந்து ஆராவது கால் கழுவுறவையோ என்றாள். அப்படியே ஏறினேன், வண்டிக்குள் படியிலிருந்து அடுப்படிவரை என் புழுதிக் காலடிகள், பக்கத்தில் அவளுடையவை, எதற்கெடுத்தாலும் தும்புத்தடியைத் தூக்குகிறவள் இன்றைக்கு அவற்றைக் கூட்டவில்லை, பிள்ளையாருக்கு முன்னால் தம்ளரை வைத்துவிட்டுக் கட்டிலில் சரிந்தாள், நான் வண்டியை எடுக்க முதல் தூங்கிவிட்டாள்.